அப்பாவின் ஷூவில் ஒரு ஓட்டை: பரம்பரையாக வரும் யூரிக் ஆசிடுக்கு எந்த வழி எவ்வளவு தூரம் போகும்?

அப்பாவிடம் ஒரு பழைய கேன்வாஸ் ஷூ இருந்தது. வலது காலுக்கானதில், கட்டைவிரலின் அடிமூட்டு வரும் இடத்தை பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்திருப்பார். வருஷத்தில் மூன்று நான்கு தடவை அது அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வரும். ஓட்டை வழியாக, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு சிவந்து நிற்கும் மூட்டு தெரியும். அந்த நாட்களில் போர்வை நுனி பட்டால்கூடத் துடித்துப்போவார். கட்டிலைத் தாண்டி யாராவது வேகமாக நடந்தால், "டேய், மெதுவா நடடா, தரை அதிருது" என்பார்.

அந்த அதிர்வு என்னவென்று எனக்குப் புரிந்தது 43 வயதில், ஒரு நள்ளிரவு இரண்டு மணிக்கு. அதே கால், அதே விரல். யூரிக் ஆசிட் கூடி மூட்டில் வரும் கவுட் என்ற வாத நோய். வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 8.4.

நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அண்ணன் கறி, மீன் எதையும் விட்டுவைக்காதவர். அவருடைய எண் 5.3. அக்காவுக்கு ஐம்பது வயதுவரை 5-ஐத் தாண்டியதே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு 6.7. நான் மட்டும் 8.4. ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை: "வாயைக் கட்டுங்க."

கட்டினேன். அது எவ்வளவு தூரம் உதவியது, எங்கே நின்றுபோனது, மற்ற வழிகள் என்ன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எல்லா வழிகளையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: அது எண்ணை எத்தனை புள்ளி இறக்கும்? புள்ளி என்று நான் சொல்வது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஒரு மில்லிகிராம்.

அளவுகோல் எங்கிருந்து வருகிறது

யூரிக் ஆசிட் ரத்தத்தில் யூரேட் என்ற உப்பாகக் கரைந்திருக்கிறது. அதற்கு ஒரு வரம்பு உண்டு. உடல் சூட்டில் அது ஏறக்குறைய 6.8. அதற்கு மேல் போனால் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிகமாக இறங்கத் தொடங்கலாம். கால் கட்டைவிரலை அது முதலில் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம், உடலின் நடுப்பகுதியைவிட அங்கே சூடு குறைவு. சூடு குறைந்தால் கரைதிறனும் குறையும். கவுட் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் 6-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வது இதனால்தான். அங்கே வைத்திருந்தால் புதுப் படிகம் உருவாகாது. பழையதும் மெல்லக் கரையும். தோலுக்கடியில் கட்டிகளாகவே திரண்டுவிட்டவர்களுக்கு 5-க்குக் கீழே என்பார்கள்.

ஆக, உங்கள் எண்ணிலிருந்து 6-ஐக் கழியுங்கள். 7.0 வைத்திருப்பவர் கடக்க வேண்டியது ஒரு புள்ளி. எனக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குக் கடைசியாகப் பார்த்தபோது 10.1, நாலு புள்ளி. மூன்று பேருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

ஒரு எச்சரிக்கை. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் பரிசோதனையை நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் எண் இறங்கி, நார்மல் போலவே காட்டலாம். "யூரிக் ஆசிட் நார்மல், அதனால் இது கவுட் இல்லை" என்று அப்பாவை ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து எடுப்பதுதான் கணக்கு.

பரம்பரை என்றால் எது பரம்பரை?

மற்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிகேஸ் என்ற நொதி உண்டு. அது யூரிக் ஆசிடை இன்னும் எளிதாகக் கரையும் பொருளாக உடைத்துவிடும். நம் குரங்கு மூதாதையர்கள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அந்த மரபணுவைப் பறிகொடுத்துவிட்டார்கள். ஆகவே மனிதராகப் பிறந்த எல்லோருமே இந்த விஷயத்தில் ஏற்கனவே கொஞ்சம் பள்ளத்தில்தான் நிற்கிறோம். சில குடும்பங்களுக்குப் பள்ளம் இன்னும் ஆழம், அவ்வளவுதான்.

அந்த ஆழம் பெரும்பாலும் வெளியேற்றத்தில் இருக்கிறது. யூரிக் ஆசிடில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும், மீதி குடல் வழியாகவும் போகிறது. ஆனால் சிறுநீரகம் வடிகட்டியதில் சுமார் 90 சதவீதத்தைத் திரும்பவும் ரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் வாசல்களில் முக்கியமானது யுராட்1. 2002-ல் அடையாளம் கண்டார்கள். இன்னொன்று குளுட்9, அதன் மரபணு எஸ்எல்சி2ஏ9, இதன் தாக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். வெளியே தள்ளும் பம்பு ஏபிசிஜி2. சிறுநீரகத்திலும் குடலிலும் வேலை செய்கிறது. இந்தப் பம்பின் 141-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் போதும், அது யூரேட்டைத் தள்ளும் வேகம் பாதியாகிவிடும். பிறவியிலேயே வடிகால் அடைத்த தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும், சொட்டுவது தேங்கிக்கொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு மரபு? 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வம்சாவளியினர் 16,760 பேரை எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டது. தனித்தனி உணவு ஒவ்வொன்றும் அந்த வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே விளக்கியது. மொத்த உணவுமுறை மதிப்பெண்கள்கூட 0.3 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றங்களோ 23.9 சதவீதத்தை விளக்கின.

இதைப் படித்த அன்று எனக்கு விடுதலை கிடைத்தது போல இருந்தது. "பாத்தியா, தப்பு என் மேல இல்ல" என்று மனைவியிடம் செல்போனை நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "அப்போ பீரும் காரணமில்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஏனென்றால் அந்தக் கணக்கில் ஒரு நெளிவு இருக்கிறது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை எது விளக்குகிறது என்பது ஒன்று. ஒரு பழக்கத்தை மாற்றினால் உங்கள் எண் எவ்வளவு நகரும் என்பது வேறு. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கர்கள் 14,624 பேரின் தகவலை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியது. அதிக எடை, வேறுபாட்டில் 8.9 சதவீதத்தைத்தான் விளக்கியது. ஆனால் யாருக்குமே அதிக எடை இல்லாமலிருந்தால் உயர் யூரிக் ஆசிட் உள்ளவர்களில் 44 சதவீதம் பேர் அந்தப் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார்கள் என்று கணக்கு வந்தது. இதே மாதிரிப் பார்த்தால் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரைக்கு 12 சதவீதம், நல்ல உணவுமுறையைப் பின்பற்றாததற்கு 9, மதுவுக்கு 8. மரபு பலமானது என்பதும், மற்றது வீண் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இந்த நாலு எண்களின் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "கறியை விடு" என்று தொடங்குகிற வழக்கமான அறிவுரையின் வரிசையும் இதுவும் வேறு.

சும்மா இருந்து கவனிப்பது

வலி ஒரு தடவைகூட வந்ததில்லை, பரிசோதனையில் மட்டும் 7.6 என்று வந்திருக்கிறது என்றால் இதுவும் ஒரு மரியாதையான வழிதான். உயர்ந்த எண் உள்ள பெரும்பாலானோருக்குக் கவுட் வருவதே இல்லை. 9-க்கு மேல் இருப்பவர்களில்கூட ஐந்து வருடத்தில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல், வலியில்லாதவர்களுக்குப் பொதுவாக யூரிக் ஆசிடை இறக்கும் மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம் என்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் கணக்கு: ஒரே ஒரு தாக்குதலைத் தடுக்க 24 பேர் மூன்று வருடம் மாத்திரை விழுங்க வேண்டும்.

"சிறுநீரகம் கெட்டுப்போயிடும், இப்பவே மாத்திரை போடுங்க" என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அலோபியூரினால் என்ற அந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த இரண்டு சோதனைகளின் முடிவு 2020-ல் வந்தது. இரண்டிலுமே சிறுநீரகத் தேய்வு மெதுவாகவில்லை.

ஆனால் சும்மா இருப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. குடும்பத்தில் கவுட் உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவை எண்ணைப் பார்க்கலாம். எண் 10-ஐ நெருங்கினால், அல்லது சிறுநீரகக் கல் வந்திருந்தால், இந்த வழியை விட்டுவிட வேண்டும். கல் என்றால் யூரிக் ஆசிட் கல்லா என்றும் கேட்க வேண்டும். சிறுநீர் புளிப்பாக, அதாவது அமிலமாக, இருப்பதுதான் அந்த வகைக் கல்லுக்கு முக்கியக் காரணம். நிறையத் தண்ணீரோடு, சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தும் கொடுப்பார்கள்.

வாயைக் கட்டுவது

நான் முதலில் போன வழி. எல்லோரும் போகிற வழி. அதனால்தான் இதில் மூடநம்பிக்கையும் அதிகம்.

உடலில் யூரிக் ஆசிடாக மாறுகிற பொருள் பியூரின். அது சுத்தமாக இல்லாத கடும் பத்தியம் இருந்தால் எண் ஒரு புள்ளி அளவுக்கு இறங்கும். ஒன்றே ஒன்று. 7.0 உள்ளவருக்கு அது மொத்தத் தூரம், எனக்குப் பாதிகூட இல்லை, அப்பாவுக்குக் கால்வாசி. அப்படி ஒரு பத்தியத்தை வாழ்நாள் முழுக்க யாராலும் இருக்கவும் முடியாது.

எதை விடுவது என்பதில்தான் பெரிய குழப்பம். எனக்கு யாரோ ஒருவர் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த பட்டியலில் பருப்பு, கீரை, காலிஃபிளவர், காளான், பட்டாணி, தக்காளி எல்லாமே இருந்தன. எட்டு மாதம் அதையெல்லாம் தொடாமல் இருந்தேன். பிறகுதான் 2004-ல் வெளிவந்த பெரிய ஆய்வைப் படித்தேன். 47,150 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இறைச்சி அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் வாய்ப்பு 41 சதவீதமும், கடல் உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 51 சதவீதமும் கூடியிருந்தது. பியூரின் நிறைந்த காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. பால் பொருட்கள் அதிகம் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு 44 சதவீதம் குறைவு. எட்டு மாதம் கீரையையும் பருப்பையும் விட்டது யாருக்காக என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

என் கணக்கில் விட வேண்டிய வரிசை இது. முதலில் பீர். அதில் ஆல்கஹாலும் உண்டு, பியூரினும் உண்டு. ஆல்கஹால் உடலில் யூரேட்டைக் கூடுதலாக உருவாக்கி, சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் மறிக்கிறது. தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் பீர் குடித்த ஆண்களுக்குக் கவுட் வாய்ப்பு இரண்டரை மடங்கு. அதே அளவு சாராய வகைகளுக்கு 1.6 மடங்கு. அடுத்து, குளிர்பானமும் பழச்சாறும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏனென்றால் அவற்றில் பியூரினே இல்லை. விஷயம் ஃபிரக்டோஸில். கல்லீரல் அந்தச் சர்க்கரையைப் பிடித்து உடைக்கும்போது தன் ஆற்றல் சேமிப்பான ஏடிபியை மளமளவென்று செலவழிக்கும். அந்தச் செலவின் கழிவு யூரிக் ஆசிடாக வந்து விழும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புக் குளிர்பானம் குடித்த ஆண்களுக்கு வாய்ப்பு 85 சதவீதம் அதிகம் என்று 2008-ல் ஓர் ஆய்வு சொன்னது. பழச்சாறைத் தினம் இரண்டு கிளாஸ் "உடம்புக்கு நல்லது" என்று குடித்துக்கொண்டிருந்த எனக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. முழுப்பழத்தைக் கடித்துத் தின்பதற்கு நான் தடை போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதாகத்தான் இறைச்சி, அதிலும் ஈரல், சிறுநீரகம் மாதிரி உள்ளுறுப்புகள். பிறகு நெத்திலி, மத்தி, சிப்பி வகைகள். இவற்றை ஒரேயடியாக விடாமல் அளவைக் குறைத்தாலே போதும் என்பது என் கருத்து.

சேர்த்துக்கொள்ள வேண்டியவை பக்கம் வந்தால், தனிப் பொருளைவிட மொத்தத் தட்டுதான் முக்கியம். ரத்த அழுத்தத்துக்காக வகுத்த டாஷ் உணவுமுறையில் காய், பழம், முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால் எல்லாம் அதிகம், இனிப்பும் சிவப்பு இறைச்சியும் குறைவு. அது எண்ணைச் சராசரியாக 0.35 புள்ளி இறக்கியது. 7-க்கு மேல் தொடங்கியவர்களுக்கு 1.3 வரை. அந்த 1.3-ஐ ரொம்பவும் நம்பிவிட வேண்டாம், அந்தப் பிரிவில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். வைட்டமின் சி மாத்திரையும் 0.35 பக்கம்தான், கவுட் வந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவு என்பது உண்மை, ஆனால் இதற்காக யாரும் புதிதாகக் காபி பழக வேண்டியதில்லை. யூரிக் ஆசிடை மூன்று நாளில் கழுவி வெளியேற்றும் என்று சொல்லும் பொடிகளையும் எலுமிச்சை வைத்தியங்களையும் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எடையைக் குறைப்பது

அந்த 44 சதவீதத்தின் பக்கம் வருவோம். உடலில் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடும்போது, சிறுநீரகம் யூரேட்டை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. எடை இறங்கினால் பிடி தளரும். 10 கிலோவுக்கு மேல் இறக்கிய ஆண்களுக்குச் சராசரியாக 0.6 புள்ளி குறைந்ததாக நீண்ட காலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பத்தியத்தைவிடப் பெரிதாகத் தெரியவில்லை, இல்லையா? ஆனால் இதன் பலன் மூட்டோடு நிற்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றுக்கும் போகிறது. கவுட் உள்ளவர்களைப் பெரும்பாலும் இவைதான் கூட்டாகத் துரத்துகின்றன. அதனால் ஒரே ஒரு வாழ்க்கைமுறை மாற்றத்துக்குத்தான் உங்களிடம் மன உறுதி மிச்சம் இருக்கிறது என்றால், அதைத் தட்டிலுள்ள பருப்பை எண்ணுவதில் செலவழிக்காதீர்கள். எடையில் செலவழியுங்கள்.

மெதுவாகச் செய்ய வேண்டும். நான் அவசரப்பட்டேன். ஒரு வாரம் தண்ணீரும் மோரும் மட்டும் என்று பட்டினி கிடந்தேன். ஆறாம் நாள் இரவு இடது கணுக்கால் வலியில் வெடித்தது. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். அவை சிறுநீரகத்தில் யூரேட்டோடு முண்டியடித்து அதன் வெளியேற்றத்தை மறிக்கும். அளவுக்கு மீறிய கடும் உடற்பயிற்சி, வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இரண்டும்கூட எண்ணைத் தற்காலிகமாக ஏற்றும். தினம் முக்கால் மணி நேர வேக நடை, இரவுச் சோற்றில் பாதி. எனக்கு ஒத்துவந்தது இதுதான். ஒரு வருஷத்தில் 9 கிலோ. அதோடு பீரும் பழச்சாறும் போனதில் 8.4 என்பது 7.4 ஆனது.

ஏற்கனவே போடும் மாத்திரைகளைப் பார்ப்பது

யாரும் சொல்லாத வழி, ஆனால் ஒரு கஷ்டமும் இல்லாத வழி. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயாசைடு வகை நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிடை ஏற்றும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும். எதிர்ப்பக்கம், அதே ரத்த அழுத்தத்துக்கான லோசார்டான் அதைக் கொஞ்சம் இறக்கும். சர்க்கரை நோய்க்கான எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளும் இறக்கும்.

எனக்கு நீர் மாத்திரையை எடுத்துவிட்டு லோசார்டானுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் 7.4 என்பது 6.8. ஒரு பத்தியமும் இல்லாமல் அரைப் புள்ளிக்கு மேல்! நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்பிரினை இதயத்துக்காகக் கொடுத்திருந்தால் கவுட்டுக்காக அதை விடவே கூடாது. ஆனால் அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போய், "இதில் எது யூரிக் ஆசிடை ஏற்றும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜீன் டெஸ்ட் எடுப்பது

பரம்பரை என்று தெரிந்ததும் தோன்றும் முதல் ஆசை. என் தீர்ப்பு: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ஏபிசிஜி2-வில் அந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தாலும் செய்யப்போவது அதேதான். ரத்தத்தில் உள்ள எண்ணே எல்லா ஜீன்களின் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு விதிவிலக்குகள். இருபதுகளிலேயே, அல்லது அதற்கும் முன்பே கவுட் வந்தால் ஒற்றை மரபணுவால் வரும் அரிய நோய்களைத் தேட வேண்டும். சிறுநீரகத்தோடு சேர்ந்து வருபவை அவற்றில் உண்டு. இன்னொன்று, அலோபியூரினால் தொடங்குவதற்கு முன் பார்க்கும் எச்எல்ஏ-பி*58:01. இது எண்ணைப் பற்றியது அல்ல. இந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையால் தோல் உரியும் அளவுக்கு உயிராபத்தான ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார்கள்.

தினசரி மாத்திரை

6.8-ல் நின்ற பிறகு வந்த பத்து மாதத்தில் இரண்டு தடவை விரல் வீங்கியது. எடை, பீர், பழச்சாறு, நீர் மாத்திரை எல்லாம் சேர்ந்து ஒன்றரைப் புள்ளிக்கு மேல் இறக்கியிருந்தன. இன்னும் முக்கால் புள்ளி பாக்கி. இறக்குவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

வருஷத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் தாக்குதல், தோலுக்கடியில் கட்டி, எக்ஸ்ரேயில் மூட்டுச் சேதம் இவற்றில் ஒன்று இருந்தாலே மாத்திரை வேண்டும் என்கிறது அந்த 2020 வழிகாட்டுதல். முதல் தாக்குதலிலேயே எண் 9-க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரக நோயோ கல்லோ இருந்தாலோ அப்போதே யோசிக்கலாம். முதலில் கொடுப்பது அலோபியூரினால். 1966 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. இருவருக்கும் 1988-ல் நோபல் கிடைத்தது. யூரிக் ஆசிட் தயாராகும் கடைசிப் படியையே அது மறிக்கிறது. வடிகாலைச் சரிசெய்ய முடியாத வீட்டில், குழாயைத் திருகி மூடுகிற வேலை. 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ என்று தொடங்கி, எண்ணைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். தோலில் தடிப்பு வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்று ஃபெபக்ஸோஸ்டாட். 2018-ல் ஒரு பெரிய சோதனையில் இதய மரணங்கள் அதில் சற்று அதிகமாகத் தெரிந்ததால் அமெரிக்காவில் மருந்துகளுக்கான மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டார்கள். 2020-ல் வந்த ஐரோப்பியச் சோதனையில் அப்படித் தெரியவில்லை. ஏற்கனவே இதய நோய் உள்ளவர்கள் அலோபியூரினாலையே முதலில் முயல்வது நல்லது என்று நினைக்கிறேன். வெளியேற்றத்தைக் கூட்டும் புரோபெனசிட் மூன்றாவது. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது.

பலர் மாத்திரையைக் கைவிடுவது முதல் மூன்று மாதத்தில். காரணம் வினோதமானது: எண் வேகமாக இறங்கும்போது பழைய படிகங்கள் அசைந்து, வலி கூடுதலாக வரும். "மாத்திரை போட்டதாலதான் வந்துச்சு" என்று அப்பா இரண்டு தடவை தூக்கி எறிந்தது இப்படித்தான். அதனால்தான் வீக்கத்தை அடக்கும் மருந்தான கோல்ச்சிசினை மிகக் குறைந்த அளவில் மூன்று முதல் ஆறு மாதம் கூடவே கொடுக்கிறார்கள். எனக்கும் ஏழாவது வாரம் ஒரு லேசான வீக்கம் வந்தது. நிறுத்தவில்லை. 200 மில்லிகிராமில் எண் 5.4-க்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஒன்றரை வருஷமாகத் தாக்குதல் இல்லை. எடையைத் திரும்ப ஏறவிடவில்லை. விட்டிருந்தால் 300 தேவைப்பட்டிருக்கும் என்றார் மருத்துவர். கீரையும் பருப்பும் தட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. பீர் வரவில்லை.

போன மாதம் பையனுக்கு வேலைக்காக எடுத்த முழு உடல் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 7.2. வயது 24. "நானும் மாத்திரை போடணுமாப்பா?" என்று கேட்டான். வலி வந்ததில்லை, கல் இல்லை, ரத்த அழுத்தம் சரி, எடை மட்டும் 6 கிலோ கூடுதல், தினம் ஒரு பாட்டில் குளிர்பானம். 7.2-லிருந்து 6-ஐக் கழித்துக் காட்டினேன். பாட்டிலை மட்டும் முதலில் நிறுத்துகிறேன் என்றான். அடுத்த பரிசோதனை அடுத்த வருஷம்.